கொடைரோட்டில் கேட்கும் கேள்வி: "மேலே பனி விழுகிறதா?"

மார்கழி பிறந்துவிட்டால் கொடைரோடு ரயில் நிலையத்தில் விடியுமுன்பே ஒரு கேள்வி காதில் விழத் தொடங்கிவிடும். சென்னையிலிருந்து வரும் இரவு வண்டியை விட்டு இறங்குகின்ற பிரயாணிகள், குழந்தைகளின் காதுகளைக் குல்லாயால் மூடிக்கொண்டே தேநீர்க் கடைக்காரரையும் வாடகை வண்டிக்காரரையும் பார்த்துக் கேட்கின்ற கேள்வி அது: "மேலே பனி விழுகிறதா?" வண்டிக்காரர் ஒருநாளும் இல்லையென்று சொல்வதில்லை. "நேற்றுக்கூட விழுந்ததுங்க, ஏரிப் பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது" என்பார். அவர் கூறுவது பொய்யன்று. ஆயினும் கேட்டவர் மனத்திலிருக்கும் பனி வேறு. சொன்னவர் கண்ணால் கண்ட பனி வேறு.

தமிழில் பனி என்னும் சொல் ஒன்றுதான். நிலக்கோட்டைத் தோட்டங்களில் மல்லிகை அரும்பின்மேல் நிற்கும் துளியும் பனி. சிறுமலை முகட்டை மறைத்து நிற்கும் மூட்டமும் பனி. மன்னவனூர்ப் புல்வெளியில் உப்புத் தூவினாற்போல் பூத்துக் கிடப்பதும் பனி. இமயத்தில் பஞ்சுபோல் இறங்குவதும் பனி. நான்கும் ஒரே பெயரால் வழங்குவதால் உண்டாகும் மயக்கத்தில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை என்று பிரயாணிகள் எண்ணலாம். பயிரிடுவோர் அவ்வாறு எண்ணிவிட முடியாது. எந்தப் பனி வரப்போகிறது என்பதை முதல்நாள் மாலையே அறிந்துகொண்டவர் தம் பாத்தியைக் காத்துக்கொள்கிறார். அறியாதவர் மறுநாள் காலையில் கருகிய இலைகளுக்கு நடுவே நிற்கிறார். ஆகவே இம்மாதம் இப்பொருளைச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம். இது மலைக்காரர் சமாசாரம் என்று நெசவாளர் அங்கத்தினர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. அவர்களுக்கும் இதில் பங்குண்டு.

அம்மையநாயக்கனூரை ஒட்டிய இந்நிலையம், 1875இல் ரயில் பாதை இவ்வழியே தெற்கு நோக்கி நீண்டபோது கொடைக்கானலுக்குச் செல்வோர் இறங்குமிடமாயிற்று. அக்காலத்தில் இங்கு இறங்கியவர்கள் மாட்டு வண்டியில் மலையடிவாரம் வரை சென்று, பின்னர்க் குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் கால்நடையாகவும் ஏறினார்கள். மோட்டார் வண்டி செல்லும் மலைச்சாலை 1910களின் நடுவில்தான் வந்தது. இப்போது மூன்று மணி நேரப் பிரயாணம்; அவ்வளவுதான். அந்த மூன்று மணி நேரத்தில் சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி கொடைரோட்டில் 19 டிகிரி உள்ள தை மாதத்து இரவில் கொடைக்கானலில் 7 டிகிரி இருக்கவேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஏழு டிகிரியில் தண்ணீர் உறையாதே, புல்லின்மேல் பனிக்கட்டி எவ்வாறு வந்தது?

இதற்கு விடை நெசவாளருக்கு எளிதில் விளங்கும். போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடம்பின் வெப்பம் வெளியே போகாமல் தடுக்கிறது. பகலில் கதிரவனால் சூடேறிய பூமி, இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. வானத்தில் மேகம் இருந்தால் அது போர்வைபோல் நின்று, போகின்ற வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. காற்றிலுள்ள ஈரமும் ஓரளவு அவ்வேலையைச் செய்கிறது. வடகிழக்குப் பருவமழை விலகி, வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் மார்கழிக் கடைசியிலும் தையிலும் மலைக்கு இந்தப் போர்வை இல்லாமற் போகின்றது. அன்றிரவு காற்றும் அசையாமல் இருந்துவிட்டால் புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றன. வானிலை நிலையத்து உஷ்ணமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஆளின் மார்பளவு உயரத்தில் மரக்கூண்டுக்குள் இருப்பது. அது மூன்று அல்லது நான்கு டிகிரி காட்டும் நேரத்திலேயே புல்நுனி சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம். பத்திரிகையில் ஓர் எண்ணும் ஊராரின் வாயில் வேறோர் எண்ணும் அடிபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் உச்சியிலுள்ள வீட்டுத் தோட்டத்தில் ஒன்றும் இல்லாதிருக்க, ஏரிக்கரையிலும் ஓடைப் படுகையிலும் புல்வெளிப் பள்ளங்களிலும் வெண்மை படிகிறது. உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்பது பகற்கணக்கு. காற்றோட்டமில்லாத உறைபனி இரவில் மேட்டுக்காரர் தப்பிவிடுகிறார், பள்ளத்துக்காரர் அகப்பட்டுக்கொள்கிறார்.

இனி, கொடைரோட்டுப் பிரயாணிகள் எதிர்பார்க்கும் வெண்பனிக்கு வருவோம். வானிலிருந்து வெண்பனி பொழிய மேகம் வேண்டும். அந்த மேகத்திலிருந்து தரைவரையில் காற்று சுழியத்தை ஒட்டியே இருக்கவும் வேண்டும். நம் பக்கத்து வானில் சுழிய டிகிரி நிலை சுமார் 4,500 மீட்டருக்கும் மேலேதான் காணப்படுகிறது. பழனி மலைத்தொடரின் மிகவுயர்ந்த வந்தரவு முடி 2,553 மீட்டர்; தென்னகத்திலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். இடையிலே ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் குறைகிறது. அன்றியும், மேகம் திரண்ட இரவில் நம் மலை கதகதப்பாக இருக்கிறது. மலை விறைக்கும் இரவில் மேகம் இருப்பதில்லை. குளிரும் மேகமும் ஒரே இரவில் சேர்வதில்லை என்பதால்தான் கொடைக்கானலில் வெண்பனிப் பொழிவு காணக் கிடைப்பதில்லை. கோடைமழையில் ஆலங்கட்டி விழுந்து சாலை வெளுத்துக் கிடக்கும் படங்களைக் கைப்பேசியில் அனுப்பி, நம் மலைகளில் பனிப்பொழிவு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆலங்கட்டி இடிமேகத்தில் பிறப்பது. சித்திரை வெயிலிலும் விழும். அதை நம்பிக் கம்பளிச் சட்டையோடு புறப்படுகிறவர்களைக் கண்டு சிரிக்க நமக்கு மனமில்லை. வெயிலிலேயே வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை இயற்கையே.

ஒரு தை மாதத்தில் மன்னவனூர்ப் பக்கம் சென்றிருந்தோம். விடியற்காலையில் புல்வெளி முழுதும் வெள்ளையாயிருந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் அதைக் கையால் வழித்து உருண்டை பிடிக்க முயன்றார்கள். கைக்கு ஈரந்தான் மிஞ்சியது. சற்றுத் தள்ளி, பீன்ஸ் பாத்தியின் வரப்பில் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார். அருகே சென்றோம். இலைகள் வேகவைத்த கீரைபோல் துவண்டு, கரும்பச்சையாய்க் கிடந்தன. "ஐயா, எல்லோரும் இதைப் பார்க்க வருகிறார்கள். நான் இது வந்துவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்க வானத்தைப் பார்க்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்குடும்பத்துக் குழந்தைகளுக்குத் தம் குடிசையிலிருந்து சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரேதான்.

அவர் பாத்தியில் நிகழ்ந்தது இது: இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, உயிரணுக்களின் சுவர் சிதைந்துவிடுகிறது. வெயில் ஏறியதும் உறைந்தது உருகி இலை துவள்கிறது, நண்பகலுக்குள் கருகிவிடுகிறது. பீன்ஸும் உருளைக்கிழங்கும் இதற்கு மிகவும் நலிந்தவை. முட்டைக்கோசும் காரட்டும் ஓரளவு தாங்கும். பூண்டுக்கோ குளிர் வேண்டும். பல் நன்கு பிரிவதற்குக் குளிர்ந்த நாட்கள் துணை செய்கின்றன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் காரத்துக்கும் மணத்துக்கும் இந்தச் சீதோஷ்ணமும் ஒரு காரணம். பேரியும் பிளம்ஸும் குளிர் காலத்தில் நன்கு உறங்கினால்தான் அடுத்த பருவத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆகவே குளிரே கெடுதல் என்று கூறுவதற்கில்லை. எந்தப் பள்ளத்தில் எந்தப் பயிரை எந்த மாதத்தில் வைத்தோம் என்பதில்தான் லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன. மாடு வைத்திருப்போரையும் மறக்கக்கூடாது. உறைபனி அடித்த புல் காய்ந்து பழுத்துவிடுவதால் மேய்ச்சல் குறைகிறது, பால் குறைகிறது, மாசி பங்குனியில் காட்டுத்தீக்கும் அக்காய்ந்த புல்லே விறகாகிறது.

வெள்ளையாகத் தெரியாத உறைபனியும் உண்டு; அதுதான் பொல்லாதது. காற்று மிகவும் வறண்டிருக்குமானால் இலையின்மேல் படிவதற்கு ஈரம் இருக்காது. கண்ணுக்கு ஒன்றும் தென்படாது. ஆயினும் உள்ளிருக்கும் சாறு உறைந்து செடி கறுத்துவிடும். இதனைக் கறுப்பு உறைபனி என்பர். 1975ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் இத்தகைய உறைபனி ஓரிரு இரவுகளில் எண்ணற்ற காபிச் செடிகளை அழித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் காபி விலை பன்மடங்காயிற்று. தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய நம் கீழ்மலைக் காபித் தோட்டங்கள் உறைபனி எட்டாத உயரத்தில் இருப்பவை. எங்கோ ஒரு கண்டத்தில் ஒருவருடைய தோட்டம் கருகினால் நம் கொட்டைக்கு விலை ஏறுகிறது என்பது மகிழ்வதற்குரிய செய்திதானா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சந்தை அப்படித்தான் நடக்கிறது.

வெப்பநாடென்று பெயர்பெற்ற இடத்தில் உண்மையிலேயே வெண்பனி விழுந்ததும் உண்டு. அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள புளோரிடாவில், மயாமி நகரத்தில் 1977 ஜனவரி 19ஆம் தேதி காலையில் பனித்துகள்கள் விழுந்தன. தரையில் தங்கவில்லை, விழுந்தது சிறிது நேரந்தான். நகரத்தார் வீதிக்கு ஓடிவந்து கைநீட்டி ஏந்திக் களித்தனர். அதே குளிரில் சுற்றுப்புறக் காய்கறிப் பயிர்கள் பெருமளவில் அழிந்தன; அறுவடைக்கு வந்திருந்த பண்ணைக் கூலியாட்கள் பலர் வேலையிழந்தனர். நம் மலைநாட்டிலோ 2019 ஜனவரியில் மூணாற்றுச் சுற்றுப்புறத்துத் தேயிலைத் தோட்டங்களில் உறைபனியால் கொழுந்து கருகியது. அப்போதும் பார்ப்பதற்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சென்றார்கள்.

உறைபனி சொல்லாமல் வருவதன்று. மழை விட்டு இரண்டொரு நாளாகி, மாலையில் மேகமே இல்லாமல், காற்றும் அடங்கி, இரவு எட்டு மணிக்கு நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரியுமானால் விழித்துக்கொள்ள வேண்டியதுதான். சென்னை வானிலை மையமும் இக்காலத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இரவு உறைபனி உண்டாகக்கூடும் என்று தன் அறிக்கையில் குறிப்பிடுகிறது. அறிக்கை மாவட்டத்துக்குப் பொது. உங்கள் பள்ளத்தைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஓர் உஷ்ணமானி வாங்கிப் பாத்தியில் புல்மட்டத்தில் வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினந்தோறும் குறித்து வருவது நல்லது. மூன்று வருஷத்துக் குறிப்பு எந்த நிபுணரின் பிரசங்கத்தையும்விட உதவும்.

அன்று பகலிலேயே பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடலாம். ஈரமண் பகற்சூட்டை அதிகமாக வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். காய்ந்த வைக்கோலை நிலத்தின்மேல் கனமாகப் பரப்புவது மற்றக் காலங்களில் நல்லதே. உறைபனி இரவில் அது மண்ணின் சூடு மேலே வராமல் தடுத்து இலையைக் குளிரில் விட்டுவிடும். நாற்றுப் பாத்தியைக் கழிகளின்மேல் பழைய சேலை, சாக்கு, தழைக்கிளை இவற்றால் மூடவேண்டும். மூடி இலையைத் தொடக்கூடாது. சூரியன் மறையுமுன் போட்டுக் காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சரிவின் அடியில் அடர்ந்த வேலி இருந்தால் குளிர்காற்று அணைபோலத் தேங்கும். அங்கே ஒரு திறப்பு விடுங்கள். இரவு முழுதும் தண்ணீர் தெளிக்கும் வசதியுள்ளவர்கள் உறைபனி தொடங்குமுன் ஆரம்பித்து, வெயிலில் கட்டி உருகும் வரை நிறுத்தாமல் தெளிக்கவேண்டும். தண்ணீர் உறையும்போது வெளிவிடுகின்ற வெப்பமே இலையைக் காக்கிறது. பாதியில் நிறுத்தினால் ஒன்றும் செய்யாதிருந்ததைவிட மோசம். புகைபோடும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். புகை, மேகத்தைப்போல் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. நெருப்பின் சூட்டால் சிறிது பயன் இருக்கலாம். அதற்காகக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துக்கொள்வது நமக்குச் சரியாகத் தோன்றவில்லை.

சமவெளிக்கு இறங்குவோம். கொடைரோட்டிலும் நிலக்கோட்டையிலும் புல் உறைவதில்லை. ஆனால் மேலே உறைகின்ற அதே தெளிந்த இரவில் இங்கே கடும்பனித்துளி இறங்குகிறது. மல்லிகைச் செடி இதைப் பொறுக்காது. அரும்பு வருவது குறைந்து, வந்ததும் சிறுத்துவிடும். தைப் பொங்கலையொட்டிக் கிலோ மல்லிகை இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்கள் அண்மை ஆண்டுகளில் உண்டு. விலையைக் கேட்டு வியப்பவர்கள் பூக்காரர் பணம் சேர்த்துவிட்டார் என்று நினைக்கிறார்கள். கூடையில் பூ இருந்தாலன்றோ விலை! திராட்சைப் பந்தலில் இலை வெகுநேரம் நனைந்திருந்தால் அடிச்சாம்பல் நோய் பரவும். நத்தம் பக்கத்து மாமரங்களுக்கு இந்தக் குளிர்ந்த, வறண்ட இரவுகள் பூவெடுக்கத் துணை செய்கின்றன; அதே பூங்கொத்தில் மூட்டமும் ஈரமும் நின்றுவிட்டால் சாம்பல் நோய் வருகிறது. சின்னாளபட்டியில் நூலை முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலைகள் உலர வேண்டும். பாவுக்குக் கஞ்சியிட்டால் அதுவும் உலரவேண்டும். எட்டு மணி வரையில் பனி விலகாத நாளில் வேலை அரைநாள் பின்தள்ளிப் போகிறது. அரைநாள் கூலி எவருக்கும் சிறியதன்று. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று முன்னோர் சொன்னது இந்தச் சமவெளியில் இருந்துகொண்டுதான்.

குளிரைத் தேடிச் செல்கின்ற கூட்டத்தைப் பார்க்கும்போது நெசவாளர்களைப் பற்றி ஓர் எண்ணம் எழுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணித் தன் போர்வையைத் தந்ததாகச் சொல்லப்படுவது இந்தப் பழனி மலைச்சாரலில்தான். போர்வைக்குப் பெயர்பெற்ற மலையில் இன்று விற்பவை எல்லாம் எங்கிருந்தோ வரும் ஆலைச் சட்டைகள். சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் நம் கைத்தறிகளில் நெய்யப்படுபவை. பருத்திதானே, மலைக்குளிருக்குப் போதுமா என்று சிலர் கேட்பர். கனமாகவும் இடையிடையே காற்றுத் தங்கும்படியும் நெய்த பருத்திப் போர்வை இரண்டு சேர்ந்தால் கொடைக்கானல் இரவுக்குப் போதும். கம்பளியே வேண்டுமென்றாலும் தொலைவில் தேடவேண்டியதில்லை. மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் இருந்து வருகிறது. மெல்லிய கம்பளி தரும் ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். மலைச்சங்கமும் சமவெளிச் சங்கமும் கலந்து பேசி, டிசம்பர் ஜனவரி இரண்டு மாதங்களுக்காவது ரயில் நிலையத்தருகே ஒரு சிறு விற்பனை மேடை போடலாகாதா என்பது நம் கேள்வி. காலை நாலரை மணிக்கு நடுங்கிக்கொண்டு இறங்குகிறவரைவிடப் போர்வைக்கு நல்ல வாடிக்கையாளர் யார்?

நஷ்டமடைந்த அங்கத்தினர்களுக்கு ஒரு குறிப்பு. குளிரலையும் உறைபனியும் 2012 முதல் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி பெறத்தக்க இயற்கைச் சீற்றங்களின் பட்டியலில் உள்ளன. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இடுபொருள் மானியத்துக்கு இடமுண்டு. கருகியது வறட்சியாலோ நோயாலோ என்று பிற்பாடு கேள்வி எழாதிருக்க, அன்று காலையிலேயே தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலைத் துறையாரிடமும் எழுத்தில் அறிவித்து, நகல் ஒன்றைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில் உங்கள் பயிரும் பிர்க்காவும் அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பருவம் தொடங்குமுன்பே சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இலை கருகிய பின்பு கேட்டுப் பயனில்லை.

மன்னவனூர்ப் பெரியவரிடம் விடைபெற்றுக் கிளம்பியபோது அவர் நம்மை நிறுத்தி ஒன்று கேட்டார். "கீழே கொடைரோட்டுப் பக்கம் நேற்று மேகம் இருந்ததா, ஐயா?" இருந்தது; சிறுமலைக்கு மேலே கொஞ்சம் திரண்டிருந்தது என்றோம். அவர் கிழக்கே பார்த்துவிட்டு, அடுத்த பாத்தியை மூடுவதற்கு வைத்திருந்த சாக்குகளை எண்ணத் தொடங்கினார்.